மனித இன்சுலின் வந்த வழி



சில மாதங்களுக்கு முன்னர், ஒரு திங்கட்கிழமைக் காலையில், முதல் மணி அடிக்குமுன்பே ஒரு தந்தையார் என் அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய மகனுக்கு வயது பதினொன்று. பையனுக்குச் சீனி வருத்தம் என்று வைத்தியசாலையிலே கண்டறிந்து, நாள்தோறும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டுமென்று கூறியிருந்தனர். பாடசாலையில் இருக்கும்போது அவனுக்கு மயக்கம் வந்தால் ஆசிரியர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லிவைக்கவே தந்தையார் வந்திருந்தார். பேசி முடித்து எழுந்தவர், சட்டைப் பையிலிருந்து வெறும் மருந்துப் பெட்டியொன்றை எடுத்து மேசைமீது வைத்தார். 'மனித இன்சுலின்' என்னும் பொருள்பட அதில் ஆங்கிலத்திலே அச்சிட்டிருந்தது.

"இது எந்த மனிசன்ட உடம்பில இருந்து எடுத்தது, சேர்?" என்றார். சற்றுத் தயங்கி, "முந்திப் பண்டியில இருந்து எடுத்தவங்களாம் எண்டு சொல்றாங்க, அது மெய்யா?" என்றும் கேட்டார்.

அவர் ஓட்டமாவடிப் பக்கத்து முஸ்லிம் பெரியவர். பாலத்துக்கு இப்பாலுள்ள சைவ வீட்டார் ஒருவர் வந்திருப்பின் இதே கேள்வியை மாட்டைக் குறித்துக் கேட்டிருப்பார். கலைப் பட்டதாரியாகிய என்னிடம் அன்று விடையில்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். இரண்டு நாள் இரண்டு மாதமாயிற்று. அந்தத் தேடலிலே அறிந்துகொண்டதைத்தான் இன்று தங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நீரிழிவு நம் முன்னோர் அறியாத நோயன்று. மதுமேகம் என்ற பெயரே அதற்குச் சான்று. நோயாளியின் சிறுநீரை எறும்பு மொய்ப்பதைக் கண்டு அந்நோயை உணர்ந்த வைத்தியர்கள் பண்டைக்காலத்திலேயே இருந்தனர். நோயின் இருப்பிடம் உடலில் எங்கே என்பதுதான் நெடுங்காலம் தெரியாதிருந்தது. 1889 ஆம் ஆண்டிலே, ஸ்ட்ராஸ்புர்க் நகரில், மின்கோவ்ஸ்கி, வொன் மேரிங் என்னும் இரு ஆராய்ச்சியாளர் ஒரு நாயின் சதையியை வெட்டி அகற்றினர். சதையி என்பது இரைப்பையின் பின்புறமாகக் கிடக்கும் ஒரு சுரப்பி. அதனை இழந்த நாய்க்குக் கடுமையான நீரிழிவு உண்டாயிற்று. ஆகவே சதையியிலே சீனியை ஆளும் ஏதோ ஒரு சரக்கு இருக்கிறது என்று உலகம் விளங்கிக்கொண்டது.

விளங்கிக்கொண்ட பின்னும் முப்பதாண்டுகள் அச்சரக்கு கைக்கு வரவில்லை. காரணம் விசித்திரமானது. சதையி இரண்டு தொழில்களைச் செய்கிறது. ஒன்று, நாம் உண்ணும் மீனையும் பருப்பையும் கரைக்கும் செரிமான நீரைச் சுரத்தல். மற்றது, சீனியை ஆளும் அந்தச் சரக்கை இரத்தத்தில் விடுதல். அச்சரக்கோ ஒரு புரதம்; செரிமான நீரின் தொழிலோ புரதத்தைச் சிதைப்பது. சுரப்பியை அரைத்த கணமே ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும். திருடனையும் பொருளையும் ஒரே பெட்டியில் வைத்துப் பூட்டியதுபோலாயிற்று ஆராய்ச்சியாளரின் நிலை.

1921 ஆம் ஆண்டுக் கோடையிலே, கனடாவின் ரொறன்ரோ நகரில், பேராசிரியர் மக்லியோட் என்பவரின் ஆய்வுகூடத்தில், பான்ரிங் என்ற இளம் வைத்தியரும் பெஸ்ட் என்ற மாணவரும் நாய்களைக் கொண்டு இச்சிக்கலை அவிழ்க்க முயன்று ஓரளவு வென்றனர் என்பதைப் பலரும் அறிவர். அவர்களோடு ஆண்டிறுதியில் வந்து சேர்ந்த ஜேம்ஸ் கொலிப் என்ற இரசாயனவியலாளரை அவ்வளவாக எவரும் நினைப்பதில்லை. என் எண்ணத்தில் இந்த வரலாற்றின் மையம் அவரிடத்திலேதான் இருக்கிறது.

1922 ஜனவரி 11 ஆம் திகதி, ரொறன்ரோப் பொது வைத்தியசாலையில், லெனாட் தொம்சன் என்ற பதினான்கு வயதுப் பையனுக்கு முதல் ஊசி ஏற்றப்பட்டது. எலும்பும் தோலுமாக, சாவின் வாயிலிலே கிடந்த பிள்ளை. ஏற்றிய சாறோ கலங்கிய பழுப்பு நிறக் குழம்பு. இரத்தத்திலுள்ள சீனி சிறிதளவு இறங்கிற்று. ஆனால் ஊசி ஏறிய இடத்திலே கட்டி கிளம்பிற்று. வைத்தியர்கள் நிறுத்திவிட்டனர். சாற்றிலே மருந்து இருந்தது உண்மை. மருந்தல்லாதவை அதைவிடப் பன்மடங்கு இருந்ததும் உண்மை.

அடுத்த பன்னிரண்டு நாட்கள் கொலிப்பின் நாட்கள். மதுசாரத்தின் செறிவைச் சிறிது சிறிதாக உயர்த்திக்கொண்டே போனால், ஒவ்வொரு செறிவிலும் ஒவ்வொரு புரதம் கரையமாட்டாமல் கீழே படியும் என்பதை அவர் பயன்படுத்தினார். ஓர் அளவிலே அழுக்குப் புரதங்கள் பெரும்பாலும் படிந்துவிட, இன்சுலின் கரைந்தே நிற்கும். வடித்தெடுத்துச் செறிவை இன்னும் சற்று உயர்த்தினால், இன்சுலின் தானே தூளாய்ப் படியும். ஜனவரி 23 ஆம் திகதி அந்தத் தூளிலிருந்து ஆக்கிய மருந்து பையனுக்கு ஏற்றப்பட்டது. 520 மில்லிகிராமாக இருந்த இரத்தச் சீனி 120 ஆக இறங்கிற்று. பிள்ளை எழுந்து அமர்ந்தான்.

எங்கள் ஊரவருக்கு இதனை விளக்க நான் காகித ஆலையைச் சொல்வதுண்டு. 1956 இல் வாழைச்சேனையிலே தொடங்கிய அந்த ஆலை வயல்களின் வைக்கோலை வாங்கிக் காகிதம் செய்தது. வைக்கோலுக்குள்ளே காகிதத்துக்குரிய நார் முன்னமே இருக்கிறது. ஆலை அதனைப் புதிதாகப் படைப்பதில்லை. நாரல்லாதவற்றைக் காரத்திலே அவித்துக் கரைத்துக் கழுவிப் போக்குகிறது. வேலையெல்லாம் போக்குவதிலேதான். கொலிப் செய்ததும் அத்தகையதே.

எனினும் அவர் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். சில வாரங்களில், கூடுதலான அளவிலே மருந்தை ஆக்க முனைந்தபோது, அந்தக் கைப்பக்குவம் அவரைவிட்டுப் போய்விட்டது. முன்பு செய்தவாறே செய்தும் மருந்து வரவில்லை. பல வாரம் போராடியே மீண்டும் வழி கண்டனர். அதன்பின் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனம் பெருமளவில் ஆக்கத் தொடங்கிற்று. அங்கே வால்டன் என்ற இரசாயனவியலாளர், புளிப்பின் அளவை ஒரு குறித்த நிலையிலே நிறுத்தினால் இன்சுலின் தானாகப் படிந்துவிடும் என்று கண்டமை தொழிலை எளிதாக்கிற்று. காப்புரிமையைக் கண்டுபிடித்தவர்கள் ஆளுக்கு ஒரு டொலர் பெற்றுக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொடுத்தனர். இன்று சில மருந்துகளின் விலையைக் காணும்போது அந்த ஒரு டொலர் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

இனி, தந்தையாரின் இரண்டாவது கேள்விக்கு வருவோம். அவர் கேள்விப்பட்டது மெய்தான். அறுபதாண்டுகள் உலகம் பயன்படுத்திய இன்சுலின் கொலைக்களத்துப் பன்றியின் சதையியிலும் மாட்டின் சதையியிலும் இருந்தே எடுக்கப்பட்டது. ஓர் இறாத்தல் இன்சுலினைப் பெற 8,000 இறாத்தல் சதையி வேண்டியிருந்தது. அதற்கு 23,500 விலங்குகள். பன்றியை விலக்கிய முஸ்லிம்களும், பசுவைப் போற்றிய இந்துக்களும் உயிருக்கு வேறு வழியில்லை என்ற நிர்ப்பந்தத்தால் அதனை ஏற்றுக்கொண்டனர். ஏற்றவர் மனத்திலே ஓர் உறுத்தல் இருந்திராது என்று எவர் சொல்ல முடியும்?

எருமையிலிருந்தும் எடுத்ததுண்டு. எருமைத் தயிருக்குப் பெயர்பெற்ற எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்தார் இக்கதையை விரும்பிக் கேட்பர். ஐரோப்பாவிலே நாற்சிகளின் கொடுமைக்குத் தப்பி, செக்கோசிலவாக்கியாவிலிருந்து சீனத்தின் ஷங்ஹாய் நகருக்கு வந்து சேர்ந்த யூதத் தம்பதியர் விக்ரர் சாக்சலும் ஏவா சாக்சலும். ஏவாவுக்கு அங்கே நீரிழிவு கண்டது. 1941 டிசம்பரில் போர் மூண்டு நகரம் முழுவதும் யப்பானியர் வசமாயிற்று. மருந்துக் கடைகள் மூடப்பட்டன. கள்ளச் சந்தையிலே கிடைத்ததை நம்ப முடியவில்லை. வைத்தியப் பாடநூலொன்றிலே இன்சுலின் எடுக்கும் முறை சொல்லப்பட்டிருந்தது. அதனை வைத்துக்கொண்டு, சீனர் ஒருவர் உதவிய சிறிய ஆய்வுகூடத்தில், எருமையின் சதையியிலிருந்து இருவரும் மருந்து ஆக்கினர். முயல்களுக்கு ஏற்றிப் பார்த்தனர். பின்னர் ஏவா தமக்கே ஏற்றிக்கொண்டார். பழுப்பு நிறமான அம்மருந்து ஏறத்தாழ 400 நோயாளரைப் போர் முடியும்வரை காப்பாற்றியது. நூல் படித்துத் தொழில் கற்ற தம்பதியர் அவர்கள். விக்ரர் நெசவுத் துறைப் பொறியியலாளர், வைத்தியரல்லர்.

நிற்க. மாட்டின் இன்சுலினும் மனித இன்சுலினும் ஒன்றா? இதற்கு விடை தந்தவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரெடரிக் சாங்கர். புரதம் என்பது அமினோ அமிலங்கள் மணிபோலக் கோக்கப்பட்ட மாலை. அந்த மணிகளுக்கு ஒரு நிலையான வரிசை உண்டா என்பதே அக்காலத்தில் ஐயமாயிருந்தது. சாங்கர் பத்தாண்டுக்கு மேலாக உழைத்து, 1955 ஆம் ஆண்டளவில் மாட்டு இன்சுலினின் மணிகள் முழுவதையும் வரிசைப்படுத்தினார். 21 மணிகள் கொண்ட ஒரு மாலை, 30 மணிகள் கொண்ட மற்றொரு மாலை, இரண்டையும் பிணைக்கும் கந்தகப் பாலங்கள்; மொத்தம் 51 மணிகள். எந்தப் புரதத்துக்கும் அவ்வாறு முழு வரிசை கண்டது அதுவே முதன்முறை. 1958 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1960 இல் மனித இன்சுலினின் வரிசையும் தெரிந்தது. மாட்டினதற்கும் மனிதனதற்கும் மூன்று மணிகளில் வேறுபாடு. பன்றியினதற்கும் மனிதனதற்கும் ஒரே ஒரு மணியில் வேறுபாடு.

மணிகளின் வரிசை தெரிந்தபின் மாலை எவ்வாறு மடிந்து கிடக்கிறது என்ற கேள்வி எழுந்தது. டொரதி ஹொட்ஜ்கின் என்ற அம்மையார் 1930களின் நடுப்பகுதியிலே இன்சுலின் பளிங்குகளை எக்ஸ் கதிரால் ஆராயத் தொடங்கி, 1969 இலேதான் அதன் உருவத்தைக் கண்டார். முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட தவம் அது. அவருடைய ஒக்ஸ்போர்ட் குழுவிலே எம். விஜயன் என்ற இந்திய இளைஞரும் இருந்தார். பின்னர் அவர் பெங்களூரில் புரதப் பளிங்கியலை வளர்த்தார். இவ்விடத்தில் சென்னையையும் நினைக்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்திலே ஜி. என். இராமச்சந்திரன், தம்மோடு பணியாற்றிய இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து, புரத மாலை எந்தெந்தக் கோணங்களில் மடியலாம், எவற்றில் மடிய இயலாது என்பதை 1963 இல் ஒரு வரைபடமாகத் தந்தார். இன்று உலகில் எந்த ஆய்வுகூடத்தில் ஒரு புரதத்தின் உருவத்தைக் கண்டாலும், அது சரியா பிழையா என்று முதலில் வைத்துப் பார்க்கும் உரைகல் இராமச்சந்திரன் வரைபடந்தான்.

இனி முக்கியமான திருப்பம். ஒவ்வொரு புரதத்தின் வரிசையும் உயிரணுவுக்குள்ளே டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையிலே நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்டிருக்கிறது. அந்த எழுத்துக்களைப் புரதமாகப் படிக்கும் முறை மனிதனிலும் மாட்டிலும் பற்றீரியாவிலும் பெரும்பாலும் ஒன்றே. அந்த முறையை வாசித்தறிந்தோருள் ஒருவர் பஞ்சாப்பிலே பிறந்த ஹர் கோவிந்த் கொரானா. 1968 இல் நோபல் பரிசு பெற்றவர். அவரே பின்னர், 1970 இல், ஒரு பரம்பரையலகை உயிரின் உதவியின்றி இரசாயன முறையாலேயே கட்டிக் காட்டினார். 1973 இல் கலிபோர்னியாவிலே கோகன், போயர் என்னும் இருவர், டி.என்.ஏ. துண்டுகளை நொதியங்களால் வெட்டி ஒட்டி, ஒரு சிறு வளையமாக்கிப் பற்றீரியாவினுள் புகுத்தினர். பற்றீரியா பெருகியபோது அத்துண்டும் கூடவே பெருகிற்று.

போயரும் சுவான்சன் என்ற முதலீட்டாளரும் 1976 இல் ஜெனென்ரெக் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். இத்தாகுரா, றிக்ஸ் என்னும் அறிஞர்கள் அவர்களோடு இணைந்து, முதலிலே 14 மணிகளே கொண்ட சோமரோஸ்ரற்றின் என்ற சிறு சுரப்பைப் பற்றீரியாவிலே விளைவித்தனர். அதற்கு முன்னர் அச்சுரப்பில் ஐந்து மில்லிகிராமைப் பெற ஐந்து இலட்சம் செம்மறியாட்டு மூளைகள் வேண்டியிருந்தன. 1977 இல் அதே அளவு இரண்டு கலன் பற்றீரியாக் கரைசலில் கிடைத்தது.

அடுத்தது இன்சுலின். இவ்விடத்திலேதான் தந்தையாரின் முதற் கேள்விக்கு விடை கிடக்கிறது. அக்குழுவினர் எந்த மனிதனுடைய உடலிலிருந்தும் எதனையும் எடுக்கவில்லை. மனித இன்சுலினின் மணிவரிசை நூலிலே இருந்தது. அதற்குரிய டி.என்.ஏ. எழுத்துக்களை இரசாயனப் பொருள்களைக் கொண்டே கோத்தெடுத்தனர். இரண்டு மாலைகளுக்கும் தனித்தனிப் பரம்பரையலகு, தனித்தனிப் பற்றீரியா. ஆனால் பழைய பகைவன் இங்கும் காத்திருந்தான். பற்றீரியா தன்னுள்ளே விளையும் சிறிய அந்நியப் புரதத்தைத் தானே தின்றுவிடும். சதையியில் நிகழ்ந்த அதே திருட்டு! ஆதலின் மாலையைப் பற்றீரியாவின் பெரிய புரதமொன்றின் வாலிலே கட்டி மறைத்து வளர்த்தனர். கட்டிய இடத்திலே மெதியொனீன் என்னும் அமினோ அமிலத்தை வைத்தனர். அந்த அமிலம் கண்ட இடத்தில் மாத்திரம் வெட்டும் ஓர் இரசாயனம் உண்டு. இன்சுலினிலோ மெதியொனீன் இல்லை. எனவே கட்டு அறும், இன்சுலின் அறாது. இந்தச் சூழ்ச்சியைப் படித்தபோது நான் நூலை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தேன்.

இரண்டு மாலைகளையும் தனித்தனியே தூய்மைப்படுத்திப் பிணைத்தனர். 1978 செப்டெம்பரில் செய்தி வெளியாயிற்று. எலி லில்லி நிறுவனம் அதனைப் பெருமளவில் ஆக்க, 1982 ஒக்டோபரில் அமெரிக்க அரசு மருந்தாக ஏற்றுக்கொண்டது. இம்முறையால் ஆக்கிய முதல் மருந்து அதுவே. அங்கேயும் போக்கும் வேலைதான் பெரிது. பற்றீரியாவின் ஆயிரக்கணக்கான சொந்தப் புரதங்களில் ஒரு சிறு மிச்சம் இருந்தாலும், நாள்தோறும் ஊசி ஏற்றுவோர் உடல் அதனை எதிர்க்கக்கூடும். கொலிப்பின் மதுசாரப் பாத்திரத்துக்குப் பதிலாக உயர்ந்த உருளைகளும் நுண்ணிய பிசின் மணிகளும் வந்தன. கவலை பழைய கவலையே.

ஒரு நுட்பத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அதே 1982 இல் டென்மார்க்கின் நோவோ நிறுவனம் பன்றி இன்சுலினை எடுத்து, வேறுபட்ட அந்த ஒரு மணியை மாற்றி, 'மனித இன்சுலின்' என்றே விற்றது. ஆகவே அப்பெயர் ஒரு காலத்தில் பன்றியிலிருந்து வந்த மருந்துக்கும் இருந்தது. 1987 இல் அந்நிறுவனமும் நொதிக்கும் மதுவம் என்ற நுண்ணுயிரிலே விளைவிக்கும் முறையைத் தொடங்கிற்று. பெங்களூரின் பயோகொன் நிறுவனம் 2004 இல் வெளியிட்ட இன்சுலினும் ஒருவகை மதுவத்தில் விளைந்ததே. அப்பமாவைப் புளிக்க வைப்பதன் உறவினம் என்று சொன்னால் எம்மவர்க்கு எளிதில் விளங்கும்.

'எந்த மனிதனிடமிருந்து?' என்ற கேள்வி வேறொரு மருந்துக்கு மிகவும் பொருந்தியிருந்தது. வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குத் தேவையான வளர்ச்சிச் சுரப்பை விலங்கிலிருந்து எடுத்தால் மனிதருக்குப் பயன்படாது. ஆதலின் 1950களின் இறுதியிலிருந்து, இறந்த மனிதரின் மூளையடியிலுள்ள சுரப்பிகளைச் சேர்த்து அதனைப் பிரித்தெடுத்தனர். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அதனால் வளர்ந்தனர். 1985 இல், அம்மருந்தைச் சிறுவயதிலே பெற்ற இளைஞர் சிலர் மூளையை அரிக்கும் ஒரு கொடிய நோயால் இறந்தமை தெரியவந்தது. இறந்தோரின் சுரப்பிகளோடு நோயும் மருந்துக்குள் வந்திருந்தது. உலகெங்கும் அவ்வாறு மாண்டோர் 200க்கு மேற்பட்டோர். பல நாடுகள் அம்மருந்தை உடனே நிறுத்தின. அதே ஆண்டில் பற்றீரியாவிலே விளைந்த வளர்ச்சிச் சுரப்பு அதன் இடத்துக்கு வந்தது. உயரமாக வளர வேண்டுமென்று பெற்றோர் கையைப் பிடித்துச் சென்ற பிள்ளைகள் அவர்கள்.

இன்று இம்முறையால் விளையும் மனிதப் புரதங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை மருந்தல்ல. உலர்ந்த தூளாக, கண்ணுக்குத் தெரியாத அளவிலே, நகக்கண் அளவுக் குப்பிகளில், 'ஆய்வுக்கு மாத்திரம்' என்ற குறிப்போடு ஆய்வுகூடங்களுக்குச் செல்கின்றன. புதிய மருந்தொன்று எந்தப் புரதத்தோடு ஒட்டுகிறது என்று பார்க்கவும், இரத்தப் பரிசோதனைக்கு அளவுகோலாக வைக்கவும், கண்ணாடித் தட்டிலே உயிரணுக்களை வளர்க்கவும் அவை வேண்டும். அந்த உயிரணுக்களின் உணவிலே சேர்க்கும் பொருள்களில் இன்சுலினும் ஒன்று. முன்னர் ஒரு புரதத்தை ஆராய விரும்பியவன் கொலைக்களத்துக்கு வாளியோடு போனான். இன்று விலைப்பட்டியலைப் புரட்டுகிறான்.

தந்தையாரை மீண்டும் அழைத்தேன். படித்தவற்றுள் அவருக்கு வேண்டியதைச் சொன்னேன். மகனுடைய பெட்டியில் அச்சிட்டிருந்த சிறிய எழுத்துக்களைக் கண்ணாடி போட்டுப் பார்த்து, அது நுண்ணுயிரிலே விளைந்தது என்று குறிக்கும் வரியை விரலால் காட்டினேன். பெட்டியைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அதன்பின் அவர் கேட்டது ஒரே கேள்வி. மின்சாரம் நின்றுபோனால் இதனை எங்கே வைப்பது?

திறவாத குப்பியைக் குளிர்ப்பெட்டியில், ஆனால் உறையவிடாமல் வைக்க வேண்டும். உறைந்துவிட்டால் அந்தப் புரதத்தின் மடிப்புக் கெட்டுவிடும். பின்னர் அது மருந்தாகாது. பயன்பாட்டிலுள்ள குப்பி வெயில்படாத குளிர்ந்த இடத்தில் ஏறத்தாழ ஒரு மாதம் இருக்கும். திறந்த திகதியை அதன்மேல் எழுதிவைப்பது நன்று. குளிர்ப்பெட்டி இல்லாத இடங்களிலே, ஒரு மண்பானைக்குள் மற்றொரு சிறு மண்பானையை வைத்து, இடையில் ஈரமணல் இட்டு, அதற்குள்ளே குப்பியை வைத்துக் காப்பவர் பல நாடுகளில் உள்ளனர். அதனைச் சொன்னதும் தந்தையார் சிரித்தார். "எங்கட உம்மா தண்ணிப் பானைக்குக் கீழ மணல் போட்டுத்தான் வைப்பா" என்றார்.

இப்போது பாடசாலை அலுவலகத்தின் மூலையிலும் அத்தகைய பானையொன்று இருக்கிறது. மணலுக்கு நாள்தோறும் காலையிலே நீர் தெளிப்பவன் அந்தப் பையன்தான்.